சி மொழியின் பொது நூலகமும் தமிழ் எழுத்தும்

கணிப்பொறிக்கு ஆணையிடுவதற்கென மனிதன் ஆக்கிய மொழிகள் பல. அவற்றுள் சி என்னும் மொழி 1972ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பாரால் உருப்பெற்றது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அதற்கு ஓய்வு இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இயங்கும் லினக்ஸ் கருவகம் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகளும் பயிலும் பைதான் மொழியைப் பொருள் கண்டு இயக்கும் நிரலும் சி மொழியில் ஆனதே.

இம்மொழிக்கு ஒரு பொது நூலகம் உண்டு. அதனைப் புதிதாகக் கட்டுவதாயின் எங்கிருந்து தொடங்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள். சேலத்திலிருந்து மைசூருக்கு வந்து கணிப்பொறி அறிவியலில் முதுநிலை பயிலும் மாணவன் நான். இப்பொருளை நம் சங்க இதழில் எழுதுவானேன் என்று வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்கள் கேட்கக்கூடும். நம் பெயர் ஓர் அட்டையில் முழுமையாக அச்சாகுமா, நம் சொற்கள் அகராதி வரிசையில் நிற்குமா என்பன இந்நூலகத்தைப் பொறுத்தவை. ஆகவே இது எல்லார்க்கும் உரிய செய்தியே.

மொழியும் நூலகமும்

1989ஆம் ஆண்டுத் தரத்தின்படி சி மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 32 மட்டுமே. அவற்றுள் ‘அச்சிடு’ என்று பொருள்படும் சொல் ஒன்றுகூட இல்லை. ‘கோப்பைத் திற’, ‘இரு சொற்களை ஒப்பிடு’ என்பவற்றிற்கும் சொல் இல்லை. சி பயிலும் மாணவன் முதல் நாளில் எழுதும் ‘பிரின்ட்எஃப்’ என்பதும் மொழியின் உறுப்பன்று. அது நூலகத்தில் இருக்கும் ஒரு செயற்கூறு.

நூலகம் என்றவுடன் அடுக்கிய புத்தகங்களை எண்ண வேண்டா. பலரும் திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய வேலைகளை ஒருவர் ஒரு முறை நன்றாக எழுதி வைத்தால், மற்றவர் பெயர் சொல்லி அழைத்துப் பயன்கொள்ளலாம். அவ்வாறு எழுதி வைத்த செயற்கூறுகளின் தொகுதியே நூலகம். சி மொழியின் தொடக்க நாட்களில் உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றுக்கான செயற்கூறுகளை மைக் லெஸ்க் என்பார் எழுதினார். 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் சேர்ந்து வெளியிட்ட நூல் இவற்றைப் பரப்பியது. 1983இல் அமெரிக்க தேசியத் தர நிறுவனம் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் உழைப்பால் 1989இல் தரம் உறுதியாயிற்று. அதில் நூலகத்தின் பகுதிகளை அறிவிக்கும் தலைப்புக் கோப்புகள் 15 இருந்தன. 2024இல் வெளியான சி23 தரத்தில் அவை 31 ஆகியுள்ளன.

தரம் என்பது ஒரு வாக்குறுதி மட்டுமே. ‘இப்பெயரால் அழைத்தால் இவ்வேலை நடக்கும்’ என்று அது சொல்லும். வேலையைச் செய்யும் நிரலைப் பலரும் பலவாறு எழுதலாம். ஜிலிப்சி, 2011இல் ரிச் ஃபெல்கர் வெளியிட்ட மசல், ஆண்ட்ராய்டுக்கென எழுந்த பயோனிக் ஆகிய யாவும் அந்த வாக்குறுதியைத் தத்தம் வழியில் நிறைவேற்றுபவை. எனவே புதிய நூலகம் கட்டுதல் இரு வகைப்படும். வாக்குறுதியை மாற்றாமல் உள்ளே புதிதாக எழுதுவது ஒன்று. வாக்குறுதியையே திருத்தி எழுதுவது மற்றொன்று. நாம் ஆராயப் போவது இரண்டாவதனை.

பூச்சரமும் முடிச்சும்

எழுத்துகளைத் தொடராக அடுக்கிய கோவையைக் கணிப்பொறியாளர் சரம் என்பர். பொருத்தமான பெயர்! நம் தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகைச் சரம் வாங்கியவர்க்கு இது எளிதில் விளங்கும். பூக்காரி முழம் போட்டு அளந்து தருகிறாள். கேட்டவுடன் ‘மூன்று முழம்’ என்கிறாள். சி மொழியின் சரத்தில் இந்த அளவு எங்கும் குறிக்கப்படுவதில்லை. கடைசிப் பூவிற்குப் பின் ஒரு முடிச்சு மட்டும் இருக்கும். அம்முடிச்சு, மதிப்புச் சுழியாகிய ஒரு பைட். சரம் எவ்வளவு நீளம் என்றறிய வேண்டுமாயின், முதலிலிருந்து ஒவ்வொரு பைட்டாக எண்ணிக்கொண்டே சென்று முடிச்சு வந்ததும் நிற்கவேண்டும். ‘ஸ்ட்ர்லென்’ என்னும் செயற்கூறு செய்வது இதுவே.

இதனால் விளையும் தீங்குகள் இரண்டு. முதலாவது வீண் உழைப்பு. வெறுமையான சரம் ஒன்றில் ஒவ்வொரு பைட்டாக ஆயிரம் முறை சேர்க்கிறோம் என்க. ஒவ்வொரு முறையும் முடிவைத் தேடித் தொடக்கத்திலிருந்து நடக்கவேண்டும். சுழி முதல் 999 வரையுள்ள எண்களைக் கூட்டினால் 4,99,500. ஆயிரம் பைட்டைச் சேர்க்க ஏறத்தாழ ஐந்து இலட்சம் அடிகள்!

இரண்டாவது தீங்கு பெரிது. முடிச்சு இல்லாமற் போனால் எண்ணுபவன் நிற்கமாட்டான். அடுத்த கூடையிலிருக்கும் பூவையும் தன் சரமென்றே எண்ணுவான். எழுதும்போதும் இவ்வாறே, ஒதுக்கிய இடம் தீர்ந்தபின்னும் எழுதிக்கொண்டே போகலாம். பழைய நூலகத்தில் ‘கெட்ஸ்’ என்றொரு செயற்கூறு இருந்தது. உள்ளே வரும் வரியை ஓரிடத்தில் எழுதி வைப்பது அதன் வேலை. அவ்விடம் எவ்வளவு பெரியது என்று அதற்குச் சொல்லவே வழியில்லை. 1988 நவம்பர் 2ஆம் நாள் இராபர்ட் மோரிஸ் என்னும் மாணவர் ஏவிய ‘புழு’ இணையத்திலிருந்த கணிப்பொறிகளைத் திணறச் செய்தது. அது நுழைந்த வாயில்களுள் ஒன்று ‘கெட்ஸ்’ திறந்து வைத்த வாயில்தான். அச்செயற்கூறு தரத்திலிருந்து நீக்கப்பட்டது 2011இல். ஒரு தவறான வாக்குறுதியைத் திரும்பப் பெற 23 ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரிச்சி அறியாமல் செய்தாரா எனின், அல்லர். நீளத்தை ஒரு பைட்டில் எழுதி வைத்தால் 255க்கு மேற்பட்ட சரம் எழுத முடியாது. நினைவகம் அருமையாயிருந்த நாளில் நீளத்திற்குப் பல பைட் ஒதுக்குவதும் அதனை இடையறாது பேணுவதும் சுமையாகத் தோன்றின. அன்றைய பொறிக்கு முடிச்சே தக்க தீர்வாயிருந்தது. இன்றைய பொறி வேறு; இன்று எழுதுவோரும் வேறு.

மைசூரு எத்தனை எழுத்து?

சி மொழி தோன்றிய காலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்பதே வழக்கு. ஆங்கிலத்திற்கு அது பொருந்தும். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பில் தமிழும் இடம்பெற்றது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8 என்னும் முறையை வகுத்தனர். அதன்படி தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். ‘க’ என்பது 224, 174, 149 என்னும் மூன்று எண்கள். ‘கு’ என்று எழுத உகரக் குறியாகிய 224, 175, 129 என்பதும் பின்னே சேரும். ஆக ஆறு பைட்.

இங்கே ஒரு விந்தை உண்டு. ‘க்’ என்னும் மெய்யோடு அகர உயிர் சேர்ந்து ‘க’ ஆயிற்று என்பது நம் இலக்கணம். யூனிகோடில் ‘க’ முதற்பொருள். அதனோடு புள்ளியைச் சேர்த்தால்தான் ‘க்’ கிடைக்கும். கணிப்பொறிக்குள் மெய்யெழுத்துக்கு இரண்டு குறிகள், அகரமேறிய உயிர்மெய்க்கு ஒன்று!

இனி, ‘மைசூரு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் என்ன? மூன்று எழுத்து என்பான் தமிழ் படித்தவன். ஆறு குறி என்கிறது யூனிகோடு. ‘ஸ்ட்ர்லென்’ செயற்கூறோ 18 என்று விடை தரும். மூன்றும் சரியான விடைகளே. ஆனால் அவை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு உரியவை. எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்றால் 18. எத்தனை குறிகளைப் படிக்க வேண்டும் என்றால் 6. மனிதன் எத்தனை எழுத்தாகக் காண்கிறான் என்றால் 3. பழைய நூலகம் ‘நீளம்’ என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு முதற் கேள்விக்கு மட்டும் விடை சொல்லுகிறது. கேட்பவனோ பெரும்பாலும் மூன்றாம் கேள்வியை மனத்தில் வைத்துக் கேட்கிறான். குழப்பம் பிறக்குமிடம் இதுவே.

பெயர் அறுந்த கதை

குழப்பத்தின் பயனை நம் விடுதியிலேயே கண்டோம். நண்பர் ஒருவரின் பெயர் செந்தில்குமார். ஓர் அட்டையில் அவர் பெயர் ‘செந்தில்கு’ என்று அச்சாகி, அதன்பின் ஒரு வெறுங்கட்டம் வந்து நின்றது. அட்டை தந்த இடம் எதுவாயினும் ஆகுக. காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அப்பெயரில் எழுத்து 7, குறி 14, பைட் 42. நிரல் எழுதியவர் பெயருக்கு 32 பைட் ஒதுக்கியிருந்தால் முடிச்சு நீங்கலாக 31 மிஞ்சும். முப்பது பைட்டில் பத்துக் குறிகள், அஃதாவது ‘செந்தில்கு’ வரை அடங்கும். முப்பத்தோராவது பைட், ‘ம’ என்பதன் மூன்றில் ஒரு பங்கு. பொருளற்ற அத்துண்டே கட்டமாக வந்தது. இப்பெயரையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 12 பைட்; இடம் மிகுதியாகவே இருந்திருக்கும். ஆகவே ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்தவர்க்கு இக்குறை புலப்பட்டிராது.

இத்தகைய இடறல்கள் இன்னும் உள. மூன்றை மட்டும் காட்டுகிறேன்.

ஒன்று: ஒரு பைட் எழுத்தா அன்றா என்று சொல்லும் ‘இஸ்ஆல்ஃபா’ என்னும் செயற்கூறு. பல பொறிகளில் சி மொழியின் ‘சார்’ வகை, குறை எண்ணையும் ஏற்பது. தமிழ்க் குறியின் முதற் பைட்டாகிய 224 அவ்வகையில் −32 என்று ஆகிவிடும். அச்செயற்கூறோ 0 முதல் 255 வரையுள்ள எண்களையும், கோப்பின் முடிவைக் காட்டும் தனி எண் ஒன்றையும் மட்டுமே ஏற்கத்தக்கது. −32ஐக் கொடுத்தால் விளைவு என்னவென்று தரம் உறுதி கூறவில்லை. தமிழில் ஒரு சொல்லைத் தட்டினாலே நிரல் நிலைகுலையக் கூடும்.

இரண்டு: சொற்களை ஒப்பிடும் ‘ஸ்ட்ர்கம்ப்’. இது பைட்டின் மதிப்பை மட்டும் நோக்கும். யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னே இருக்கிறது. ழகரம் வகரத்துக்கு முன்னே இருக்கிறது. ஆதலால் ‘அப்பா’வுக்கு முன் ‘அன்பு’ வரும். ‘அவல்’ என்பதற்கு முன் ‘அழகு’ வரும். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். வகரத்தின் பின்னதே ழகரம். எந்தத் தமிழ் அகராதியும் இப்படி வரிசைப்படுத்தாது. மொழிக்கேற்ப ஒப்பிடுவதற்கு ‘ஸ்ட்ர்கால்’ என்று வேறொன்று உண்டு. ஆனால் 1989 தரத்தின்படி எம்மொழி என்பதை நிரல் முழுமைக்கும் சேர்த்து ஒரே இடத்தில்தான் குறிக்கலாம். ஒரே நிரலில் தமிழ்ப் பட்டியலும் கன்னடப் பட்டியலும் வேண்டுமெனில் ஒன்றை மாற்றி மாற்றி அமைக்க வேண்டியதாகும்.

மூன்று: ‘கொடி’ என்னும் சொல். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் சமமென்றே கூறுகிறது. கண்ணுக்கும் வேற்றுமை தெரியாது. பைட் கணக்கில் ஒன்று 12, மற்றொன்று 15. ‘ஸ்ட்ர்கம்ப்’ அவற்றை வெவ்வேறு சொல் என்றே தீர்ப்பளிக்கும். தேடுபவர்க்குக் ‘கொடி’ இருந்தும் கிடையாது.

கன்னட, மூன்றா நான்கா?

அப்படியாயின் எழுத்தை எண்ணும் செயற்கூறு ஒன்றை நூலகத்தில் சேர்த்துவிட்டால் போதுமே எனலாம். தமிழுக்கு விதி எளிது. உயிர், அகரமேறிய மெய், ஆய்தம் ஆகிய குறி வரும்போதெல்லாம் ஒன்று கூட்டுக. உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் கூட்டாது விடுக. வடமொழி வழி வந்த ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டிற்கும் தனி விதி வகுத்துக்கொள்ளலாம்.

ஆய்வகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருக்கும் மைசூர் நண்பரிடம் இவ்விதியைச் சொன்னேன். அவர் ‘கன்னட’ என்னும் சொல்லைத் தம் எழுத்தில் எழுதி, ‘இது எத்தனை?’ என்றார். நான் க, ன், ன, ட என்று நான்கு எண்ணினேன். அவர் மூன்று என்றார். கன்னட எழுத்தில் இரு னகரங்களும் ஒன்றன்கீழ் ஒன்று சேர்ந்து ஓர் அட்சரமாகும். யூனிகோடுக் குறி இரண்டு மொழியிலும் ஐந்தே. பைட் இரண்டிலும் பதினைந்தே. எழுத்து மட்டும் நமக்கு நான்கு, அவர்க்கு மூன்று.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. பைட்டை எண்ணுவது பொறியின் வேலை. குறியை எண்ணுவதற்கு உலகப் பொது விதி உண்டு. எழுத்தை எண்ணுவதற்கோ அந்தந்த மொழியின் இலக்கணமே விதி. எனவே எழுத்துக் கணக்கைப் பொது நூலகத்தின் அடித்தளத்தில் புதைக்கலாகாது. அடித்தளம் இடம் விட்டு வைக்க வேண்டும். மொழிக்குரியோர் வந்து அவ்விடத்தை நிரப்பவேண்டும்.

முன்னோர் கட்டியவை

வாக்குறுதியையே திருத்திய முயற்சிகள் புதியவை அல்ல. சி பிறந்த பெல் ஆய்வுக் கூடத்திலேயே பிளான் 9 என்னும் இயக்க முறைமை எழுந்தது. 1992இல் பல்கலைக் கழகங்களுக்கு வழங்கப்பட்டது. அதனை ஆக்கியோர் தரத்தின் தலைப்புக் கோப்புகளை ஒதுக்கிவிட்டுத் தமக்கென ஒரு நூலகம் செய்துகொண்டனர். யூனிகோடுக் குறியைத் தாங்க ‘ரூன்’ என்றொரு வகையையும், சரத்தில் எத்தனை ரூன் என்று எண்ணத் தனிச் செயற்கூறையும் வைத்தனர். மூன்று படிகளுள் இரண்டினை அவர்கள் ஏறினர் எனலாம்.

மூன்றாம் படியில் நம்மவர் பணி இருக்கிறது. எழில் என்னும் தமிழ் நிரல்மொழியைப் பற்றி 2009இல் எழுதி வெளியிட்டவர் முத்து அண்ணாமலை. அவரும் நண்பர்களும் ஆக்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற நூலகம் பைதான் மொழியில் இயங்குவது. அதிலுள்ள ‘கெட் லெட்டர்ஸ்’ என்னும் செயற்கூறு தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். சி மொழிக்கும் ‘ஐசியு’ என்னும் பன்மொழி நூலகம் உண்டு. வளம் மிக்கது, ஆனால் மிகப் பெரியது, தரத்துக்கு வெளியே நிற்பது. நூலகத்தின் முதல் அறையிலேயே கிடைக்கவேண்டிய பொருளைத் தேடி அடுத்த ஊருக்குப் போகும் நிலை இது.

புதிய நூலகத்தின் விதிகள்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து, புதிய நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொல்லலாம்.

1. சரம் தன் நீளத்தைத் தானே சுமக்க வேண்டும். இருக்குமிடம், நீளம், ஒதுக்கிய அளவு ஆகிய மூன்றையும் ஒரு கட்டாக வைத்தால் 64 பிட் பொறியில் 24 பைட் ஆகும். இன்றைக்கு இது சுமையன்று. பழைய செயற்கூறுகளும் படிக்கும் பொருட்டு இறுதியில் முடிச்சையும் விட்டு வைக்கலாம்.

2. ‘நீளம்’ என்ற தனிச்சொல்லை எச்செயற்கூறுக்கும் பெயராக வைக்கலாகாது. பைட் எண்ணிக்கை, குறி எண்ணிக்கை, எழுத்து எண்ணிக்கை என்று மூன்று பெயர் வேண்டும். அழைப்பவன் எதைக் கேட்கிறான் என்பதைத் தானே எண்ணிப் பார்க்கும்படி பெயரே அவனைத் தூண்டும்.

3. வெட்டுவதாயின் எழுத்தின் எல்லையில் வெட்டுக. இடம் போதாதபோது எத்தனை எழுத்து விடுபட்டது என்று அழைத்தவனுக்கு அறிவிக்கவேண்டும். ஓசையின்றி அறுப்பதே குற்றம்.

4. மறைவான நினைவு கூடாது. சரத்தைத் துண்டாக்கும் ‘ஸ்ட்ர்டாக்’ செயற்கூறு, தான் விட்ட இடத்தைத் தனக்குள் ஒளித்து வைத்துக்கொள்ளும்; ஒரே நேரத்தில் இருவர் அழைத்தால் குழம்பும். மொழித் தேர்வும் அவ்வாறே. எம்மொழி வரிசை வேண்டும் என்பதை ஒவ்வோர் அழைப்பிலும் வெளிப்படையாகத் தருவதே நன்று.

5. சோதனைச் சொற்களில் ஆங்கிலம் தவிர்த்த மொழிகள் முதல் நாளிலிருந்தே இடம்பெற வேண்டும். கட்டி முடித்தபின் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் பயனையே இன்று அனுபவிக்கிறோம்.

நாம் செய்யத்தக்கது

தரத்தை மாற்றுவது ஒரு மாணவர் சங்கத்தின் கைக்கு எட்டாதது என்று தோன்றலாம். முதல் நான்கு விதிகள் ஒருவேளை அப்படியே. ஐந்தாவது முழுக்க நம்முடையது. நம் சொற்களில் எங்கே நூலகம் இடறும் என்பதைத் தமிழறிந்தவனே சொல்ல முடியும். அதற்கான இலக்கண அறிவு தமிழ்த் துறை நண்பரிடமும், நிரல் அறிவு எங்கள் துறையிலும் உள்ளன. 1969இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் நம் மானசகங்கோத்ரியை அடுத்தே இருக்கிறது. இந்திய மொழிகளின் உரைத்தொகைகளைத் திரட்டும் பணியும் அங்கே நடைபெறுகிறது. மைசூருக்கு வந்த தமிழ் மாணவனுக்கு, பக்கத்திலேயே கன்னடம் பேசும் தோழனும் இருக்கிறான். ஒரு விதி இரு மொழிக்கும் பொருந்துமா என்று ஒரு தேநீர் நேரத்தில் அறிந்துகொள்ளும் வாய்ப்பு எத்தனை பேருக்கு உண்டு?

முடிப்பதற்கு முன், சி பயிலும் நண்பர்களுக்கு ஒரு பயிற்சி. ‘விகடகவி’ என்பது இருபுறமிருந்தும் ஒன்றாகப் படிக்கத்தக்க சொல் என்பது நாமெல்லாம் சிறு வயதில் கற்றது. அதனைப் பைட் வாரியாகத் திருப்பினால் பொருளற்ற குப்பையே கிடைக்கும். குறி வாரியாகத் திருப்பினால் ‘ி, வ, க, ட, க, ி, வ’ என்று ஆகி, முதற் கொக்கி தாங்குவாரின்றித் தொங்கும். எழுத்து வாரியாகத் திருப்பினால் மட்டுமே விகடகவி விகடகவியாக மீளும். 21 பைட்டும், 7 குறியும், 5 எழுத்தும் உடைய இச்சொல்லைச் சரியாகத் திருப்பும் செயற்கூறு ஒன்றை எழுதிப் பாருங்கள். முப்பது வரிக்கு மேல் வேண்டா. எழுதியவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சிறந்ததைக் கட்டற்ற நிரலாக வெளியிடுவோம். புதிய நூலகத்துக்கு மைசூரிலிருந்து நாம் வைக்கும் முதற்கல் அதுவாக இருக்கட்டும்.